ஓரத்தில் மெலிந்த கண்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று அவிநாசியில் பனியன் துணி ஆலை வைத்திருக்கிறேன். துணியைத் தொட்டாலே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னையும் யோசிக்க வைத்தவர் ஒரு கண் டாக்டர்.

கல்லூரி முடித்த பேத்தியைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். அதற்குள் லேசர் வைத்து அவள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் உயரமான ஆள், தடித்த கண்ணாடி. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு உரசும்படி குனிவார். ஸ்கேன் படத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

“கிட்டப்பார்வையில கண்ணு நீளமா வளந்துருதுங்க. பின்னாடி இருக்கற விழித்திரை இழுபட்டுப் போகுது. இவங்களுக்கு நடுவுல கனமா இருந்தாலும் சுத்தி மெலிஞ்சிருக்குது.”

“எங்க துணின்னா நீராவி காட்டிச் சுருக்கி, கனத்தைக் கொண்டாந்துபோடுவோமுங்க.”

“இதுக்கு அது ஆகாதுங்க. லேசர் கண்ணாடியை எடுக்கும், மெலிஞ்சது மெலிஞ்சதுதான். வருசா வருசம் காட்டோணும். கட்டிக்கிறவருக்குத் தெரியாம எப்படிங்க கூட்டியாருவீங்க?”

“உங்களுக்கு யாருங்க பொண்ணு குடுத்தாங்க?” என்றேன்.

“கண்ணாடியோட போயித்தானுங்க பாத்தேன். அந்த அம்மணியும் கண்ணாடிதான்.”

பேத்தி சிரித்தாள். லேசர் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். வந்தவர்களிடம் ஸ்கேன் விஷயத்தையும் அவளே சொன்னாள். முதல் வீட்டார் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் பூ வைத்தார்கள்.

தேடி வந்த வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த நோயாளியின் ஸ்கேன் படத்தின் மேல் குனிந்த அந்த டாக்டர் எந்த மாதிரி வியாபாரி என்பது மட்டும் இன்றுவரை என் கைக்குப் பிடிபடவில்லை.