லாண்டரி ரூமுக்குப் போன பத்து நிமிடம்

1997 குளிர்காலம். டெக்ஸாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். கணவருக்கு வேறு ஊரில் ப்ராஜெக்ட். திங்கள் காலை காரை எடுத்துக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் இரண்டரை வயது மகளும் மட்டும். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது.

கீழ்வீட்டில் ஓர் அமெரிக்கர் தனியாக இருந்தார். ஐஸ் ஹாக்கி வீரராக இருந்தவர். பெரிய லீகில் நான்கே ஆட்டம், பிறகு பத்து வருடம் சின்ன லீகுகள். இப்போது அப்படி ஒரு சின்ன லீக் டீமுக்கு கோச். கோச் என்றால் விசில் ஊதுபவர் என்றுதான் நினைத்திருந்தேன். இவரோ வெளியூர் ஆட்டத்துக்கு மோட்டல் பிடிப்பார், டிரைவர் வராவிட்டால் பஸ்ஸும் ஓட்டுவார், வீரர்களின் நாற்றமடிக்கும் நீளமான சாக்ஸை எல்லா வீட்டுக்கும் பொதுவான லாண்டரி ரூமில் தானே துவைப்பார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முன்பற்கள் கிடையாது. புருவத்தின் குறுக்கே தையல் தழும்பு.

எதிர்வீட்டு ஆண்ட்டி, "அந்தாளு மூஞ்சியப் பாத்தியா? அடிச்சுக்கறதுதான் அவனுக்குப் பொழப்பே. பாப்பாவ அந்தப் பக்கம் விடாத," என்பார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இங்க கொழந்தைய தனியா விட்டேன்னு தெரிஞ்சுதுன்னா போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிடுவான், ஜாக்கிரதை." இரண்டையும் நான் அப்படியே நம்பினேன்.

அன்று பகல் இரண்டு மணி. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாஷரில் இருந்த துணியை ட்ரையருக்கு மாற்ற வேண்டும். எழுப்பினால் அழுவாள், பத்து நிமிடம்தானே என்று கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பியபோது சமையலறைத் தரையில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி சாய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாக என்னைத் தேட ஏறியிருக்க வேண்டும். காதுக்கு மேலே வீக்கம். ஊரில் செய்வதுபோல உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் வைத்தேன். ஒருமுறை வாந்தி எடுத்தாள். பிறகு கண் சொருகியது. அழுத களைப்பு என்று தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். ஆம், நானே தூங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ட்ரையரில் நான் மறந்துவிட்ட துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கோச் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார். அவள் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். வாந்தி எடுத்தாளா என்று கேட்டார். தலையாட்டினேன். "என் ட்ரக்கில் ஏறுங்கள், இப்போதே," என்றார்.

சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஆங்கிலத்தில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்பதுபோலச் சொன்னார். போன வருடம் அவர் டீமில் இருபத்தொரு வயது வீரன் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டது. ஒன்றுமில்லை என்றான். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். இவர்தான் அவனைத் திரும்ப ஐஸில் ஆட அனுப்பினார். இப்போது அவனுக்கு அவன் அம்மா ஸ்பூனால் ஊட்டுகிறாள். "அனுப்பியது நான்," என்று மறுபடியும் சொன்னார்.

எமர்ஜென்சியில் மகளை உள்ளே கொண்டுபோனார்கள். விழுந்தபோது குழந்தையுடன் யார் இருந்தார்கள் என்று நர்ஸ் கேட்டார். ஆண்ட்டி சொன்ன போலீஸ் என் கண்முன் வந்தது. "இவர்தான். நான் லாண்டரிக்குப் போயிருந்தேன்," என்று அவரைக் கைகாட்டினேன்.

நர்ஸ் அந்த மூக்கை, தழும்பை, பொக்கை வாயைப் பார்த்தார். கோச் என்னைப் பார்த்தார். எத்தனை நொடி என்று தெரியாது. பிறகு, "ஆமாம் மேடம். நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்," என்றார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். மகளின் மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது, ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

மறுநாள் வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏங்க, நான் உண்மையச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "இப்ப மாத்திச் சொன்னா பாப்பாவையே எடுத்துட்டுப் போயிட்டான்னா? க்ரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு. விடும்மா," என்றார். விட்டேன். அவர் சொன்னதால்தான் விட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் 'போய்ச் சொல்லு' என்றிருந்தால் போயிருப்பேனா, தெரியவில்லை.

கோச் மீது கேஸ் எதுவும் போடவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அவர் சிறு குழந்தைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்து வந்தார். விஷயம் அந்தப் பெற்றோர் காதுக்குப் போய், சீசன் முடியும் முன்பே டீமில் இருந்து அனுப்பிவிட்டார்கள். அபார்ட்மெண்ட் ஆபீசில் இருந்தவர்கள் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் வீடு காலியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. எந்த ஊருக்குப் போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானும் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அந்தக் கூடையில் எங்கள் துணிகளோடு அவர் டீமின் நீளமான சாக்ஸ் ஒன்று கலந்து வந்திருந்தது. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. "ஹூஸ் இஸ் திஸ், அம்மா?" என்று ஒருநாள் எடுத்து வந்தாள். "ஒரு அங்கிளோடது," என்று வாங்கி வைத்துவிட்டேன்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன். தான் செய்த தவறை, கேட்காமலே, முன்பின் பேசியிராத ஒரு பெண்ணிடம் சொன்னார் அந்த மனிதர். என் பத்து நிமிடத்தை இத்தனை வருடம் கழித்தும் பெயர் போடாத இந்தக் காகிதத்தில்தான் என்னால் சொல்ல முடிகிறது.