முன்னால் போன கார்

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அத்தா, அதாவது என் அப்பா, பெரிய கார் வாங்கினார். ஏழு பேர் உட்காரலாம். ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி வைத்திருந்தது. கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே வருகிற ஆட்டோ பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை என்று அத்தா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

முந்தைய வருடம் அவருடைய கூட்டாளி ஒருவர் சின்ன காரில் போய் லாரியில் மோதி இறந்திருந்தார். அந்த மய்யித்தைப் பார்த்துவிட்டு வந்த அத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு அவருக்குப் பேச்செல்லாம் கார்தான். எடையுள்ள வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், உயரத்தில் உட்கார்ந்தால் தூரத்தில் வருவது தெரியும் என்பார். எல்லாவற்றையும் விட இன்ஜினில் இழுவை வேண்டும்.

"ஓவர்டேக் எடுக்கையில ஒரு மிதி மிதிச்சா அந்தப் பக்கம் போயிறணும். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவன்தான் சாகுறான்."

அத்தாவின் ஹார்டுவேர் கடையில் கூடவே இருந்த அவருடைய தம்பி, என் சின்னத்தா, இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவரிடம் இருந்தது பழைய சின்ன கார். அவர் மனைவி, என் சின்னம்மா, அதற்குத் தீப்பெட்டி என்று பேர் வைத்திருந்தார். பிள்ளை இல்லாத அவர்கள் இரண்டு பேருக்கும் அது போதும். பிள்ளைக்குத்தான் நான் இருந்தேனே. பள்ளிக்கூடம் விட்டதும் பாதி நாள் சின்னம்மா வீட்டில்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலூரில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். அழகர்கோவில் வழியாகப் போனோம். எங்கள் கார் முன்னால், தீப்பெட்டி பின்னால். நான் கடைசி சீட்டில் முட்டி போட்டு, பின் கண்ணாடி வழியாகச் சின்னம்மாவுக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டே வந்தேன். அவரும் முன் சீட்டில் இருந்து பதிலுக்கு நாக்கைத் துருத்தினார்.

வழியில் வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அத்தா ஒரு மிதி மிதித்தார். கார் உறுமிக்கொண்டு லாரியைத் தாண்டிவிட்டது. முன்னால் ரோடு காலியாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் முன்பக்கம் திரும்பிப் பார்க்கையில், அவர் ஜன்னலை இறக்கி, வலது கையை வெளியே நீட்டி, 'வா வா' என்று அசைத்தார். சின்னத்தாவுக்கு அண்ணன் கை காட்டினால் போதும். கடையிலும் அப்படித்தான். சின்ன கார் லாரியின் பக்கவாட்டில் ஏறி வந்தது. வந்ததே தவிர, தாண்ட முடியவில்லை. லாரியை ஒட்டியே திணறியது.

அப்போது முன்னால் இருந்த வளைவில் திரும்பி ஒரு மினிபஸ் வந்து எங்கள் ஜன்னலைக் கடந்து போனது. சின்னத்தா வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். சின்னம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் பஸ் மோதியது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. எங்கள் கார் குலுங்கக்கூட இல்லை.

சின்னம்மா ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார். சின்னத்தாவுக்குக் கால் முறிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் மெதுவான குரலில் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். ஒரு பெரியவர் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டி மாதிரி இருந்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தா கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான்காம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எழுத எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே ஓர் அறையில் சின்னத்தா கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் அத்தா. அந்த இடத்தில் ஏன் முந்தினீர்கள் என்று போலீஸ்காரர் சின்னத்தாவிடம் கேட்டார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் சார். லாரிக்குப் பின்னாடியே பொறுமையா வந்திருக்கணும்."

அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"இல்ல சின்னத்தா. அத்தா கை காட்டுனாங்க. அதனாலதான் நீங்க வந்தீங்க. நான் பார்த்தேன்."

அம்மா வந்து என் தோளை இறுக்கிப் பிடித்தார். போலீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு அத்தாவைப் பார்த்தார். அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தா கை காட்டலம்மா. நீ சரியாப் பாக்கல."

போலீஸ்காரர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

அத்தனை பேர் முன்னால் சின்னத்தா என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். வெகு நாள் அவர் கூப்பிட்டும் நான் அந்த அறைப் பக்கம் போகவில்லை. பொய் சொன்னவர் அவர். முதலில் அவர் அதை ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.