அழுக்கென்று துடைத்தது

தையல் ஆலையில் எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க்கா என்று பெயர். கையில் எண்ணெய்க் குப்பி, சட்டைப்பையில் ஒரு வெள்ளைத் துணி. பழைய பிசுக்கைச் சுத்தமாகத் துடைக்காமல் எந்த மெஷினையும் மூடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஓட்டை உடைசல்களைச் சேர்த்து, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கட்ட உட்கார்ந்ததற்குக் காரணம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி. போனில் அவனைப் பேச வைப்பது கல்லில் நார் உரிப்பதுதான். "சாப்டியா?" "ம்." "வேலை?" "போகுதுக்கா." அவ்வளவுதான். ஆனால் இருவரும் ஆளுக்கொரு காரை எடுத்துக்கொண்டு கேமில் ரேஸ் விட்டால், கண் சாலையில் இருக்க, வாய் தானாகத் திறக்கும். காதலிப்பதைக்கூட ஒரு வளைவில்தான் சொன்னான்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்ததிலிருந்து அந்தப் "போகுதுக்கா" தேய்ந்துகொண்டே வந்தது. ஏதோ சரியில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓட்டலாமா?"

"உன்கிட்ட மெஷின் இருந்தா வரேன்க்கா."

இருந்தாக வேண்டும். ஆலை அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் கேபினெட் கிடைத்தது. மூடிவிட்ட ஒரு நெட் சென்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டு. பழைய சாமான் கடைக்காரர் மதர்போர்டையும் பிராசசரையும், அதன் மேல் உட்காரும் ஃபேனையும் ஒன்றாகப் பூட்டியே கொடுத்தார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையை மறித்து எல்லாவற்றையும் பரப்பினாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "இதுல ஓட்டவா இவ்வளவு பாடு? நீ ஓட்டுற லட்சணத்துக்குத் தள்ளுவண்டியே அதிகம்."

"உங்க பஸ்ஸ விட இது நேரத்துக்குக் கிளம்பும். அந்த ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

மதியம் திரையில் வெளிச்சம் வந்தது. கேமைத் திறந்தாள். கார் நகரக்கூட இல்லை, பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே. பவர் ஒயரை மாற்றினாள், ராம் மெமரியைக் கழற்றி மாட்டினாள். ஃபேனோ அணையும்வரை ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியிடமிருந்து செய்தி: "அக்கா, ரெடியா?"

கடைக்காரருக்குப் போன் போட்டாள். "என்னங்க, செத்த மாட்ட தலையில கட்டிட்டீங்களா?"

"நல்லா ஓடுன சாமான்மா அது. நீங்க எதையாவது கழட்டினீங்களா?"

"ஃபேன எடுத்து அடியில இருந்த அழுக்கத் துடைச்சேன். சாம்பல் கலர்ல அப்பிக் கிடந்துச்சு. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. "அம்மா, அது அழுக்கில்ல, பேஸ்ட்டு. பிராசசர் சூட்ட மேல ஃபேனுக்குக் கடத்துறதே அதுதான், இல்லேன்னா சூடேறி அணைஞ்சிடும். உங்களுக்காக நேத்துதான் புதுசா பூசினேன்!"

கணவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "பல்லு விளக்குற பேஸ்ட் இருக்கு, தரட்டா?" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்தான் கடைக்குப் போய் ஒரு சின்ன ஊசிக்குழலில் பேஸ்ட் வாங்கி வந்தார். பொட்டு அளவு வைத்து, ஃபேனை அழுத்திப் பூட்டினாள். ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கியது. கை தன்னால் வெள்ளைத் துணியைத் தேடிப் போனது.

"தொடாத!" என்று கணவர் கத்தினார்.

கார்கள் கிளம்பின. இரண்டாவது சுற்றில் அவள் சுவரில் உரசினாள். தம்பியின் கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"வேலை போயிடுச்சுக்கா. போன மாசமே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வாசற்படியில் நின்று சிரிப்பதற்குத் தயாராக இருந்த கணவர், சத்தமில்லாமல் உள்ளே நகர்ந்துவிட்டார். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. இடது கையை மட்டும் நீட்டி கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புதான்.

"வளைவு வருது, மெதுவா எடு," என்றாள். "அவசரமில்ல, எல்லாத்தையும் சொல்லு. இது இப்ப அணையாது."