மண்ணை அவித்தவர்

காலஞ்சென்ற கண்டாக்கு தர்மலிங்கம் அவர்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பவை மூன்று:

1. எதையும் சோதித்துப் பார்த்த பிறகே அவர் நம்புவார்.
2. எங்கள் தோட்டத்துக் கண்ணாடி வீடு இன்றும் நிற்பதற்கு அவரே காரணம்.
3. அவர் தனிமையை விரும்பியவர். யாருடைய துணையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்படி வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். தேயிலைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்த பழக்கம். அவரைப் பற்றி எழுத நான் தகுந்தவன்தானா என்பதும் தெரியவில்லை.

சென்ற வாரம் ஹட்டன் கடைத்தெருவில் பத்திரிகை வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் பழைய தோட்டத்து லொறி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"கிளாக்கரையா, கண்டாக்கையா தவறிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு."

"அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருடம் நான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்தபோது, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு அவர்தான். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மாலையில் வேலை முடிந்ததும் அவருடைய வீட்டில் விளக்கு எரியாது. பெரிய பங்களாவின் பின்னால் இருந்த கண்ணாடி வீட்டில் இருப்பார். பனியிலும் மழையிலும் வெளியே தக்காளி தேறாது என்று தோட்டத்து மேலாளராக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய வீடு அது. அந்தத் துரை ஊருக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டவர் ஐயாதான்.

ஒரு வருடம் செடிகள் பச்சையாக இருக்கும்போதே வாடி விழுந்தன. மதியம் தலை சாயும்; மாலையில் நிமிரும்; சில நாளில் நிமிராது. தண்ணீர் போதவில்லையோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரு தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தார். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று மெல்ல இறங்கியது.

"பாத்தீங்களா கிளாக்கர்? பால் மாதிரி எறங்குது. நோய் மண்ணுல இருக்கு. மேல எந்த மருந்த அடிச்சாலும் போகாது."

அடுத்த போகமும் விழுந்தது. புதிதாக வந்த துரை அவரைக் காரியாலயத்துக்கு அழைத்து, இன்னும் ஒரு போகம் பார்ப்பதாகவும், அதுவும் வாடினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே கார் நிறுத்தப்போவதாகவும் சொன்னார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "சரிங்க துரை" என்று வெளியே வந்த ஐயாவின் முகத்தை அன்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இடமும் போனால் மாலையில் அவர் எங்கே போவார்?

அந்த வாரமே மண்ணை அவிக்கத் தொடங்கினார். பாதியாக வெட்டிய பீப்பாயில் கொஞ்சம் தண்ணீர், அதற்கு மேலே ஓட்டை போட்ட தகரம், அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் மண், கீழே விறகு. பங்களாச் சமையற்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க கண்டாக்கையா, அரிசி வெல ஏறிடுச்சின்னு மண்ண அவிச்சுத் திங்கப் போறீங்களா?"

ஐயாவுக்கு உதவியாக விறகு தள்ளிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி ராக்கம்மா விடவில்லை. "உங்க சோத்த விட இது நல்லாத்தான் இருக்கும், போங்க!"

மண் வெந்ததை அறிய ஐயா அதன் நடுவில் உருளைக்கிழங்கு புதைப்பார். கிழங்கு வெந்தால் மண்ணிலிருந்த கிருமியும் செத்திருக்கும். அதற்கு மேல் ஒரு விறகும் வைக்க விடமாட்டார். "ரொம்ப வெந்தா மண்ணு கெட்டுப்போயிடும்" என்பார். ஆறிய மண்ணைப் பெட்டிகளில் நிரப்பி, வேர் தரையைத் தொடாதபடி பலகைமேல் அடுக்கினார். வாசலில் ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு, யாராயினும் கால் துடைக்காமல் வரக்கூடாது என்றார். என்னிடமும் அப்படித்தான். "நின்னா நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

ஒரு பெட்டியில் மட்டும் செடி வாடியது. மண் சிந்தாமல் பெட்டியோடு தூக்கிப்போய்ச் செடியை எரித்தார். மற்றவை காய்த்தன. துரை வந்து, ஒரு பழத்தைப் பறித்துத் துடைத்துத் தின்றார். பிறகு கார் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு போகத்துக்கும் மண் அவித்தார். பீப்பாயைத் திறந்ததும் இரண்டு கிழங்குகள் வெளிவரும். இரண்டு இடத்தில் சோதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒன்றை எனக்கு நீட்டுவார். "சோதிச்சது வீணாப் போகக்கூடாது." உப்பு தொட்டு நின்றபடியே தின்போம். தோலை அடுப்பில் போடச் சொல்வார். உருளைக்கும் அதே வாடல் நோய் உண்டு. வேறு பேச்சு இருக்காது. தொந்தரவாக இருக்கக்கூடாதென்று நான் சீக்கிரமே புறப்பட்டுவிடுவேன். அவர் ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை. நான் ஓய்வுபெற்று ஹட்டனுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். அன்றும் அவர் வேலையாக இருந்தார்.

லொறி ஓட்டுநர் சொன்னதும் தோட்டத்துக்குப் போனேன். அடக்கம் முடிந்து எல்லோரும் மலையிலிருந்து இறங்கிப் போனார்கள். ராக்கம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிளாக்கரையா, அப்புறம் நீங்க ஏன் வரவே இல்லீங்க?"

"அவருக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"நீங்க போன பொறகும் மண்ணு அவிக்கிற அன்னைக்கெல்லாம் ரெண்டு கெழங்குதாங்க போடுவாரு. சோதிக்க ஒண்ணு போதுமே ஐயான்னா, 'கிளாக்கர் வந்தாலும் வருவாரு'ம்பாரு. அந்தி ரயிலு சத்தம் அடங்குற வரைக்கும் மூடிவச்சிருந்து, பொறகு எனக்குக் குடுப்பாருங்க."

நான் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். வாசல் சாக்கு காய்ந்து கிடந்தது. அதில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். எதையும் தொடவில்லை. செடிகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. அந்தி ரயில் வந்து, நின்று, போயிற்று. போய் வாருங்கள், ஐயா.

மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. வாசகர்கள் அதை அடித்துவிட வேண்டுகிறேன்.