ஒரு குறையும் இல்லீங்க

சட்டமன்றத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவனுக்கு முதுகு வலிக்காது, கழுத்துதான் வலிக்கும் என்று எங்கள் எம்.எல்.ஏ. சொல்வார். முன்னால் இருக்கிற தலைகளுக்கு நடுவே அமைச்சரின் முகத்தைத் தேடித் தேடி வந்த வலி. அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் கடைசி வரிசை கடைசி வரிசைதான்.

அப்போது மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டைப்ரைட்டிங் கடை இருந்தது. ஒரு தமிழ் மிஷின், ஒரு ஆங்கில மிஷின், இரண்டு பெஞ்சு. முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், சாதிச் சான்று என்று ஊரில் எவருக்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அப்படியே எம்.எல்.ஏ.வின் லெட்டர் பேடும் என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் அமைச்சர்களுக்குக் கொடுக்கும் மனுக்களை எல்லாம் நான்தான் அடிப்பேன். அவர் சட்டைப் பை எப்போதும் கர்ப்பமாக இருக்கும். நாலாக மடித்த மனுக்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் பால்பாயிண்ட் பேனாவில் துறையின் பெயர். எந்த அமைச்சர் எந்த வராந்தாவில் எதிரே வந்தாலும் சரியான மனுவை உருவி நீட்டிவிடுவார். லிஃப்டில் கொடுக்கிற மனுவுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பார், ஏனென்றால் அமைச்சரால் எங்கேயும் ஓட முடியாது.

என் அக்கா உப்பளத்தில் உப்புக் கூடை சுமந்தாள். விடியுமுன்னே போய், வெயில் ஏறி மண்டையைப் பிளக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். உப்பளத்து ஓரத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. அதன் தண்ணீர் ஒன்றும் தேன் இல்லை, ஆனால் குடிக்கலாம். சுனாமி வந்து போன பிறகு அதுவும் போயிற்று. அடித்தால் கடல் தண்ணீர்தான் வந்தது. மீனவர் குப்பங்களுக்கு அரிசி வந்தது, படகு வந்தது, கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். ஒரு கைப்பம்பு கெட்டுப்போனதை எந்தப் பட்டியலிலும் எழுதிக்கொள்ள ஆளில்லை. உப்பளத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யப் பழகினார்கள். ஒதுங்குவதற்கும் அங்கே மறைவு கிடையாது என்பதால் அதுவும் ஒரு வசதி என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். அந்தக் கோடையிலேயே அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. பிறகு இடுப்பில் குத்துவலி. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கல் என்றார்கள். தண்ணீர் நிறைய குடிக்கணும், இல்லையென்றால் கிட்னிக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். மறுநாள் அவள் மறுபடியும் அதே உப்பளத்துக்குப் போனாள், வேறு எங்கே போவாள்?

ஊரில் இருந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து உப்பளம் வரை ஒரு பைப்பு, முனையில் ஒரு குழாய். கேட்டது அவ்வளவுதான். நான் மனு அடித்தேன், எம்.எல்.ஏ. கொண்டுபோனார். உப்பளத்து நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம், அங்கே எங்களால் பள்ளம் தோண்ட முடியாது என்று ஒரு பதில் வந்தது. சரி என்று நிலத்துக்காரர்களுக்கு எழுதினோம். நிலம் எங்களுடையது, ஆனால் குடிநீர் மாநில அரசின் பொறுப்பு என்று அவர்கள் பதில் போட்டார்கள். ஆக, தாகம் ஒரு அரசுக்கு, தண்ணீர் இன்னொரு அரசுக்கு. இரண்டு கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மிஷினைத் தூக்கி ரோட்டில் எறியலாம் போல் இருந்தது.

எம்.எல்.ஏ. சளைக்கவில்லை. சட்டமன்றத்தில் கேள்வி போட்டார். உப்பளத் தொழிலாளர்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க அரசு முன்வருமா என்பது முதல் கேள்வி. ஆம் எனில், எப்போது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 'தற்போது இல்லை' என்று பதில். இரண்டாவதற்கு 'எழவில்லை'. கேள்வியே எழவில்லையாம். என் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழ முடியாமல் கிடந்தது மட்டும் நிஜம்.

பிறகு மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்கு நேரம் கிடைத்தது. பத்து நிமிடம். ஒரு வாரம் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் தலைமைக்கு நன்றி.

"சார், தண்ணி விஷயத்த மொதல்ல வெச்சுடலாமா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, நன்றி சொல்லாம ஆரம்பிச்சேன்னு வெச்சுக்க, கடைசி வரிசையிலேர்ந்து எங்க அனுப்புவாங்க தெரியுமா? வராந்தாவுக்கு."

"அப்படின்னா நன்றியக் கொஞ்சம் சுருக்கிடுங்க."

"நான் சுருக்கறேன்னு வெச்சுக்க. எனக்கு முன்னாடி பேசறவன் சுருக்க மாட்டான். நான் மட்டும் கொறச்சா அது கணக்குல வந்துடும்மா."

அவர் பேசிய அன்று எட்டரை நிமிடம் நன்றியிலேயே போய்விட்டது. 'எங்கள் பகுதி உப்பளத் தொழிலாளப் பெண்கள்' என்று அவர் தொடங்கவும் மணி அடித்தது. குடிநீர் என்று ஒரு சொல் சொன்னார், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பியவர் கடைக்கு வந்து முகமெல்லாம் சிரிப்பாக, "அவைக்குறிப்புல ஏறிடுச்சும்மா. இனிமே யாரும் அழிக்க முடியாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மிஷின் ரிப்பனை மாற்ற ஆரம்பித்தேன். பாவம், அவரும் காலையிலிருந்து அலைந்து வந்தவர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

கடைசியில் ஒரு நல்ல யோசனை பண்ணினார். குடிநீர்த் துறை அமைச்சர் ஒரு கல்யாணத்துக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போகிறார், வழியில் பத்து நிமிடம் உப்பளத்தில் இறங்கிப் பார்க்கட்டும் என்று கேட்டு, கெஞ்சி, சம்மதிக்க வைத்துவிட்டார். எத்தனை நாள் காலையில் அமைச்சர் வீட்டு வாசலில் நின்றாரோ. எனக்கும் நம்பிக்கை வந்தது. காகிதத்தில் தாகம் தெரியாது, நேரில் வந்தால் தெரியத்தானே வேண்டும்? அக்காதான் பேசவேண்டும் என்று முடிவாயிற்று. கைப்பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன். அமைச்சர் கேட்டதும் நீட்ட வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். அக்கா கடகடவென்று ஒப்பித்தாள்.

ஆனால் அமைச்சர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முதல் நாளே வரவேற்பு வளைவு கட்டினார்கள். பந்தல் போட்டார்கள். உப்பளத்துப் பாதையில் புழுதி பறந்து அமைச்சரின் வேட்டியில் படக்கூடாதாம், அதற்காக ஒரு தண்ணீர் லாரி. நல்ல தண்ணீர். காலையிலிருந்து அதைப் பாதை நெடுகத் தெளித்தார்கள். பெண்கள் கூடையோடு நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்குப் பந்தலில் மோர்ப் பானை, இளநீர்க் குலை, பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில். நான் எம்.எல்.ஏ.விடம் ஓடினேன்.

"சார், தண்ணி இல்லன்னு காட்டக் கூட்டிட்டு வர்றோம். இங்க கல்யாண வீடு மாதிரி இருக்குது."

அவர் சுற்றிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "அதுக்காக வர்றவருக்குத் தண்ணிகூட வெக்காம நிறுத்த முடியுமாம்மா?" என்றார். அதற்குள் மேளம் கேட்டது.

அமைச்சர் இறங்கினார். மாலை, சால்வை, இன்னொரு மாலை. நேராக லாரியைப் பார்த்தார்.

"லாரி தெனமும் வருதா?"

கட்சியின் வட்டச் செயலாளர் ஒருவர், கேட்டவர் அமைச்சர் என்பதாலேயே, "வருதுங்கய்யா!" என்றார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எம்.எல்.ஏ. தொண்டையைக் கனைத்தார், அதோடு சரி. அமைச்சர் பந்தலுக்குள் வந்தார். என் அக்கா முன்னால் நின்றாள், முந்தானைக்குள் பாட்டில். வெயிலில் அமைச்சரின் முகம் சிவந்து, வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கைகூப்பி, நல்ல சிரிப்போடுதான் கேட்டார்.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா? குறை ஏதாவது இருக்கா?"

அக்கா அவரைப் பார்த்தாள். பாட்டில் வெளியே வரவில்லை.

"ஒரு குறையும் இல்லீங்க. நல்லா இருக்கோம். இளநி சாப்பிடுங்க."

பக்கத்தில் நின்ற பெண்களும் தலையை ஆட்டினார்கள். அமைச்சர் இளநீர் குடித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். நானும் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளிய எனக்கும் அப்போது வாய் திறக்கவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவள் அசரவில்லை.

"ஏண்டி, வெயில்ல அவ்ளோ தூரம் வந்து நிக்கறாரு. நல்லா இருக்கியான்னு கேக்கறாரு. எடுத்த எடுப்புல இல்லன்னு மூஞ்சியில அடிக்கச் சொல்றியா? உன் வூட்டுக்கு ஒருத்தர் வந்து கேட்டா நீ அப்படியா சொல்லுவ?"

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில் லாரி மூலம் தண்ணீர் வழங்கப்படுவதும், தொழிலாளர்களே குறை ஏதுமில்லை என்று தெரிவித்ததும் கவனத்தில் கொள்ளப்பட்டு மனு முடிக்கப்பட்டதாம். எம்.எல்.ஏ. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். அவரைத் திட்டத்தான் காத்திருந்தேன், ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அமைச்சரின் வருகையால் உப்பளத்துக்குக் கிடைத்தது காலி பாட்டில்கள்தான். பெண்கள் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு நாலு. தினமும் வீட்டிலிருந்து அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவாள். எட்டு மணிக்கே தீர்ந்துவிடும்.

அடுத்த தை மாதத்தில் அவளுக்கு மறுபடியும் வலி வந்தது. இந்த முறை கூடையோடு பாத்தி வரப்பிலேயே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு கிட்னி சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். எம்.எல்.ஏ. பார்க்க வந்தார். "தேர்தல் வரப்போவுது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி கேட்டுப் பாக்கலாம். ஆனா மனு வேணாம். நீங்களே வாங்க" என்றார்.

உடம்பு தேறியதும் விடியற்காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். எம்.எல்.ஏ. அமைச்சர் வீட்டு வாசலில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூட்டம். ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து எங்கள் முறை வந்தது. "அன்னிக்கு உப்பளத்துல பாத்தீங்களே, அந்தம்மா" என்று எம்.எல்.ஏ. அறிமுகப்படுத்தினார். அமைச்சருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அதே சிரிப்பு. உட்காரச் சொன்னார். குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா?"

போச்சு, மறுபடியும் அதையே சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா இல்லீங்க," என்றாள் அக்கா.

எம்.எல்.ஏ. தரையைப் பார்த்தார். அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் இருந்த ஃபைல்களுக்கு நடுவே வைத்தாள். "இது எங்க பம்புத் தண்ணி. கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. அன்னிக்கி லாரி வந்தது உங்களுக்காக. அதுக்கு முன்னயும் வரல, அப்புறமும் வரல. எனக்கு ஒரு கிட்னி போயிட்டிருக்குது. இன்னொண்ண வெச்சுக்கத்தான் கேக்கறேன்." அவசரப்படாமல், பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள். அமைச்சர் மூடியைத் திறந்து மோந்தார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மனுவே இல்லாததால் எம்.எல்.ஏ.வின் லெட்டர் பேடில் ஒரு தாளைக் கிழித்து, பச்சை மையில் மூன்று வரி அவரே எழுதினார்.

குழாய் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்னால், அவசர அவசரமாக. உப்பளம் வரை வரவில்லை, மெயின் ரோட்டுத் திருப்பத்தோடு நின்றுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். நாலு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கே வரை நடக்கவேண்டும். மீதித் தூரத்துக்கு மனு அடிக்க வேண்டியது தேர்தலில் ஜெயித்து அடுத்து வந்த எம்.எல்.ஏ.வின் லெட்டர் பேடில்.

அன்று சென்னையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும் இல்ல? உன் கிட்னியும் மிச்சமாயிருக்கும்" என்றேன்.

அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற சலிப்பு.

"அன்னிக்கி அவரு நம்ம எடத்துக்கு வந்தாரு. நாம எப்படிடி குறை சொல்றது?" என்றாள். "இன்னிக்கி நாம அவரு வூட்டுக்குப் போயிருந்தோம். இன்னிக்கித்தான் கேக்கலாம்."