அடித்தது என் கணவர்தான்

ஆவடியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் காலை வேளைகளில் பாத்திரங்கள் தாமாகவே பேசும். தொழிற்சாலையிலிருந்து பீரங்கி வண்டிகளைச் சோதனை ஓட்டத்துக்கு எடுப்பார்கள். மண்ணுக்கு அடியில் ஏதோ ஒரு பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல முதலில் தரை அதிரும். பிறகு அடுக்களை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு அது பயமாக இருந்தது. கொஞ்ச நாளில் அது கேட்காத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீடு வெறிச்சென்று தோன்ற ஆரம்பித்தது. அந்த வண்டிகளைச் செய்கிறவர்களின் குடும்பங்கள்தான் நாங்கள் எல்லோரும். சாயங்காலம் ஆண்கள் கை கழுவிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உலகத்தில் யார் சண்டைக்காரர்கள் என்று பேசுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலூர்ப் பக்கம். என் கணவரோடு ஒரே பிரிவில் வேலை. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'பாய்'. நாங்கள் கிறிஸ்தவர்கள். என் கணவர் கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர் என்பதால் அவர் 'பிரதர்'. இந்த இரண்டு பெயர்களுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

பாய் மாதிரி ஒரு மென்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. குளியலறையில் பல்லி இருந்தால் வெளியே நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுவார். காய்கறிக்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து அதற்காகத் திட்டு வாங்குவார். என் கணவர் அப்படி இல்லை. கோபம் வந்தால் அவருக்குக் கை முன்னால் போகும், யோசனை பின்னால் வரும். என் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆனால் குடியிருப்பு கண்டது வேறு இரண்டு பேரை. "பிரதர் மாதிரி சாந்தமான ஆள் உண்டா?" என்பார்கள். பாயைப் பற்றி, "நல்ல மனுஷன்தான்..." என்று இழுத்து நிறுத்துவார்கள்.

டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது எங்கோ ஒரு பாலைவன நாட்டில் குண்டு வெடித்திருந்தால், "இன்னா பாய், உங்க ஆளுங்க இப்டிப் பண்ணிகினு கீறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாய் வீட்டு நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்கள்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் குண்டைத் தானே வைத்ததுபோல் சிரிப்பார். அதே பேப்பரின் அதே பக்கத்தில், குளிர்தேசத்துத் தீவு ஒன்றில் கிறிஸ்தவர்களே இரண்டு பிரிவாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட செய்தியும் இருக்கும். அதைப் படித்துவிட்டு என் கணவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரும் அதைத் தன் செய்தியாக நினைத்ததில்லை, பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இதை எனக்குக் காட்டித் தந்தது பாயின் மனைவி. ஒரு மின்வெட்டுச் சாயங்காலம். பின்வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. வெளிச்சம் சாம்பல் நிறமாகி, அவள் முகம் பாதி கரைந்து, குரல் மட்டும் மிதப்பதுபோல் இருந்தது.

"அக்கா, உங்க வேதத்துல சண்டையெல்லாம் இருக்கா?"

"நெறைய இருக்கு. ஆடு மேய்க்கிற சின்னப் பையன் ஒருத்தன் கவண்கல்லால ராட்சசனையே அடிச்சுக் கொன்னுருவான்."

"அட! அவன் எங்க கிதாபுலயும் இருக்கானே!"

ஒரே சொந்தக்காரன் இரண்டு வீட்டுக்கும் வந்து போனது தெரிந்ததுபோல் நாங்கள் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "அப்புறம் ஏன்க்கா எங்கள மட்டும் கேக்கறாங்க?"

"எங்க கிட்ட மறு கன்னத்தைக் காட்டுன்னு ஒரு வசனம் இருக்கு. எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க போல."

"பொறுத்துப் போ, மன்னிச்சிடுன்னு எங்க கிட்டயும் எவ்ளோ இருக்கு. அதை யாருக்கா பாக்குறாங்க?"

நான் அடுத்த மொச்சையை எடுத்து உரித்தேன். எங்களை எங்கள் வேதத்தில் உள்ள நல்ல பக்கத்தைக் கொண்டு அளக்கிறார்கள், அவர்களை அன்றன்றைய பேப்பரைக் கொண்டு அளக்கிறார்கள் என்று அப்போது எனக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. வடக்கே ஒரு பழைய மசூதி இடிக்கப்பட்டு, ஊர் ஊராகக் கலவரம் நடந்து ஓய்ந்திருந்த நேரம். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பனி இறங்குவதுபோல எல்லோர் மேலும் ஏதோ இறங்கியிருந்தது. பாய் தெருவில் வந்தால் பேச்சு தணிந்தது. இடிபட்டது அவர்கள் பள்ளிவாசல். ஆனாலும் எதையோ செய்துவிடப் போகிறவரைப் பார்ப்பதுபோலத்தான் அவரைப் பார்த்தார்கள்.

சாயங்காலப் பூப்பந்தாட்டம் மட்டும் நிற்கவில்லை. குடியிருப்பு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, மஞ்சள் கம்பளிப் பந்தை அடிப்பார்கள். என் கணவரும் பாயும் எப்போதும் ஒரே பக்கம். ஒரு நாள் எதிர்ப்பக்கம் ஆடியவர் பாரிவாக்கத்துக்காரர். அந்த ஊரில் தலைமுறையாகப் பயிர் செய்கிற குடும்பம், இவரும் எங்கள் தொழிற்சாலைதான். சைக்கிளில் வந்து, ஆட்டம் முடிந்து, இருட்டுமுன் ஊருக்குத் திரும்புவார். கொய்யாக் காலத்தில் மடி நிறையக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்குத் தருவார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

நானும் பாயின் மனைவியும் மைதானத்து ஓரச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பனியும் புழுதியும் கலந்து, ஆடுகிறவர்கள் தண்ணீருக்குள் அசைகிறவர்கள்போலத் தெரிந்தார்கள். பந்து கோட்டருகே விழுந்தது. என் கணவர் "அவுட்" என்றார்.

"இன்னா பிரதர், லைன் மேல உயுந்த பந்த அவுட்டுன்ற? கோயில்ல பாட்டுப் பாடற வாயாலயே பொய்யும் சொல்லுவியா?" என்றார் பாரிவாக்கத்துக்காரர்.

என் கணவர் வலைக்கடியில் குனிந்து கடந்து போனதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அறைந்த சத்தம்தான் கேட்டது. பாரிவாக்கத்துக்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார். பாய் ஓடிப்போய் என் கணவரை இடுப்போடு கட்டி இழுத்தார். பாயின் கண்ணாடி கீழே விழுந்து யார் காலிலோ மிதிபட்டது. பிறகு அவர்தான் உட்கார்ந்து, தன் சட்டை முனையால் அடிபட்டவரின் உதட்டை அழுத்திப் பிடித்தார். உதடு கிழிந்திருந்தது. சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் கண்டது இதைத்தான். தரையில் ரத்தத்தோடு ஒருவர். அவர்மேல் குனிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக, தாடி வைத்த ஒருவர்.

பாய்தான் அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிப் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்த் தையல் போட வைத்து, வீட்டில் விட்டு வந்தார். உதட்டில் தையல், வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட ஆடியவர்கள், புழுதியில் சரியாகத் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பேச வேண்டிய ஒரே ஆள் பேச முடியாமல் பாரிவாக்கத்தில் படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது, வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பி, "பாய் அடிச்சு ஒதட்டக் கிழிச்சிட்டாராமே" என்றாள்.

"பாய் இல்லம்மா. அடிச்சது எங்க வீட்டுக்காரர்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லவங்கக்கா. பக்கத்து ஊடு, விட்டுக் குடுக்க மனசு வரல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் முதலில் சிரித்தார், பிறகு முகம் மாறியது. அன்றைக்கே பாரிவாக்கம் போனார். அடிபட்டவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, திருப்பி அறைவதற்காகக் கையை ஓங்கினாராம். இவர் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாராம். ஓங்கிய கை அப்படியே இறங்கி, அவருக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் தையல் வலித்து, இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே விஷயம் தீர்ந்துவிட்டது. ஆனால் குடியிருப்பில் தீரவில்லை.

என் கணவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். டீக்கடையில் சொன்னார். வேலைக்குப் போகிற பஸ்ஸில் சொன்னார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார்.

"நான்தான் அடிச்சேன்னு சொல்லுதேன், என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடுதாங்க!"

பஸ்ஸில் வயதில் மூத்த ஒருவர், எல்லோர் முன்னிலையிலும் கண் கலங்கிச் சொன்னாராம். "அடுத்தவன் செஞ்சத தன் தோள்ல சுமக்கறதுன்னா இதான். உங்க சாமியும் அதத்தானே பண்ணாரு."

"கேட்டியா? என் கோவத்தக்கூட என்னதுன்னு ஒத்துக்க மாட்டேங்காங்க" என்றார். அன்று அவர் தட்டை எறியவில்லை. சாப்பாட்டையே தொடவில்லை.

கோயிலிலும் சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்று, "நான் ஒருத்தரை ரத்தம் வர அடித்தேன்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மாள் என்னிடம், "பக்கத்துல இருக்கிறவங்க அப்படி. ஜாக்கிரதையா இரு" என்றார். அந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. குடியிருப்புக்கு வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டில் யார் என்று தெரிந்தபோது, அதே வார்த்தையை என் அம்மா சொல்லியிருந்தாள். நானும் சில நாள் பின்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

அன்று மாலை பாய் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. புதுக் கண்ணாடி இன்னும் வாங்கியிருக்கவில்லை. கண் சரியாகத் தெரியாததால் எங்களைத் தாண்டி எங்கேயோ தூரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்க சொல்லச் சொல்லப் பேச்சு பெருசாகுது. விட்டுடுங்க. தானா அடங்கிடும்."

"நான் செஞ்சது உங்க மேல விழுதே, எப்படி விட?"

"உங்க மேல விழுந்தா அது ஒரு அடி, அவ்ளோதான். என் மேல விழுந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் போய்விட்டார்.

தையல் பிரித்த பிறகு பாரிவாக்கத்துக்காரர் வேலைக்கு வந்தார். டீக்கடையில் யாரோ அனுதாபமாக விசாரித்ததும் பொரிந்து தள்ளினாராம். என் கணவர் அதை அப்படியே நடித்துக் காட்டினார்.

"ஒதடு என்னுது. தையல் என்னுது. அடிச்சது யார்னு எனக்குத் தெரியாதா? பிரதர்தான் வுட்டாரு ஒண்ணு. பாய் என்னத் தூக்கிகினு டாக்டராண்ட ஓடினாரு. இன்னா பேசிகினு கீறீங்க நீங்கல்லாம்?"

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பால் வரிசையில் அதே பெண் என் காதருகே வந்தாள். "பாவம், பயந்துட்டாரு. அவங்க ஆளுங்க ஊடு தேடிப் போய் மெரட்டியிருப்பாங்க போல." அவள் குரலில் வன்மம் எதுவும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். என் பால் பாத்திரத்தில் வானத்தின் ஒரு வெள்ளைத் துண்டு அசைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றேன்.

ஆட்டக்காரர்கள் பாயிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள். "ஊர் நிலவரம் சரியில்ல, கொஞ்ச நாள் வராதீங்க பாய்." அடித்தவரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தானாகவே மட்டையைப் பரண்மேல் போட்டார். பாரிவாக்கத்துக்காரர் பல மாலைகள் பாய் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "வாய்யா, நாம ரெண்டு பேரும் ஒரே சைடு ஆடலாம்" என்று கூப்பிட்டார். பாய் சிரித்துக்கொண்டே கதவருகில் நின்று பேசி அனுப்பிவிடுவார்.

பின்வாசலில் நாங்கள் இரண்டு பெண்களும் மறுபடி உட்கார ஆரம்பிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சில வருஷங்களில் அவர்கள் வேப்பம்பட்டில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வரச் சொன்னார்கள். மின்சார ரயிலில் போனோம். ஸ்டேஷனைத் தாண்டினால் வயல், வயலுக்கு நடுவே நட்டுவைத்த மனைக் கற்கள், அங்கங்கே பாதி எழும்பிய வீடுகள். வெயில் இருந்தும் எல்லாம் மங்கலாக, இன்னும் யாரும் முழுதாக நினைத்து முடிக்காத ஊர்போல இருந்தது.

வீட்டை நெருங்கும்போது உள்ளே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. யாருக்கோ சண்டை என்று வாசலிலேயே தயங்கினோம். எட்டிப் பார்த்தால் பாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, கொத்தனாரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கோணலா இருக்குன்னு நேத்தே சொன்னேனா இல்லையா? கண்ணு எங்க வெச்சிருந்த? இடி! மொத்தமா இடிச்சிட்டு மறுபடி கட்டு!"

கொத்தனார் "செஞ்சிடறேன் நைனா, கத்தாத நைனா" என்று ஜன்னல் திட்டைத் தடவிக்கொண்டிருந்தார். என் கணவர் வாய் பிளந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரின் உரத்த குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

பாயின் மனைவி சிமெண்ட் படிந்த கையோடு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"தெனமும் இப்படித்தான்க்கா. சொந்த வீட்டுக்குள்ள கத்தக் கத்துக்கிட்டாரு. நல்லாருக்கில்ல?"

நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் வாசல் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று நின்றோம்.