மல்லிகா மறந்ததும் நான் மறக்காததும்

காலைக் காபி ஆறுவதற்குள் கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். “அண்ணி, மல்லிகா போயிட்டா. நெஞ்சுவலி.” மல்லிகா என் ஓரகத்தி. குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் அவள் கையால் இட்லி வாங்கித் தின்ற உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். அந்தக் கை அடுப்புக்குத் திரும்ப அவள் பட்ட பாடு தெரியாது.

அவளுக்கு மனச்சோர்வு நோய். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. மாவை அரைத்துவிட்டு கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். “மாவு புளிக்குதுக்கா. எழுந்திருக்க முடியல.” கடை பூட்டிக் கிடந்தது. அப்போது ஒரு வளைகாப்பில் நாத்தனார் சரோஜா நாலு பேர் முன்னால் மல்லிகாவைப் பார்த்துச் சொன்னாள்: “சும்மா குந்தினா சீக்குதான் வரும். நாலு வூட்டுப் பாத்திரம் கழுவினா சரியாப் போயிடும்.” அன்று அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையின் கரைகூட எனக்கு மறக்கவில்லை.

மயக்கம் கொடுத்துத் தலையில் கரண்ட் வைக்கும் சிகிச்சை உண்டு என்று சிதம்பரத்து டாக்டரம்மா சொன்னதும் வீடே நடுங்கியது. சினிமாவில் பார்த்த பயம். “முழுசா சரியாகும்னு சொல்லமாட்டேன். சில ஞாபகம் போகலாம்” என்றும் சொன்னார். கொழுந்தனார் வேண்டாம் என்றார். மல்லிகாதான் தலை நிமிர்ந்தாள்.

“பயமா இருந்தா நீங்க வெளிய குந்துங்க. உள்ள போறவ நானு.”

வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போனாள், திரும்பத் திரும்பப் போனாள். கூட நான் போனேன். நோய் போகவில்லை, இறங்கியது. கடை திறந்தது. “அது ஒரு மூலையில கெடக்கட்டும்க்கா, அடுப்பு என் கையில இருந்தா போதும்” என்பாள்.

சில ஞாபகங்கள் போகத்தான் செய்தன. தன் பேரனுக்குப் பேர் வைத்த நாளை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். “நீ இருக்கறப்ப எனக்கெதுக்குக்கா ஞாபகம்?” என்று சிரிப்பாள். ஒருநாள் சரோஜா கடைக்கு வந்தாள். மல்லிகா பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, கேட்காமலே இரண்டு வடை அதிகம் வைத்தாள். நான் மல்லிகாவை அடுப்புப் பக்கம் இழுத்தேன்.

“அவ உன்ன என்ன பேசினான்னு தெரியுமாடி?”

“தெரியல. சொல்லாத. கடையில கூட்டமா இருக்கு.”

சாவு வீட்டில் சரோஜா மூக்கைச் சிந்தினாள். “பாவம், அந்த நோய்க்கே தோத்துட்டா.”

“யாருடி தோத்தா? நேத்து வரைக்கும் அடுப்புல நின்னவ. நெஞ்சுவலியில போனா. அந்த நோயக் கடைசிவரைக்கும் மூலையிலதான் வெச்சிருந்தா” என்றேன். தெருவே கேட்டது. கேட்கட்டும்.

மல்லிகா மறந்ததையெல்லாம் நான் வைத்திருக்கிறேன். பேர் வைத்த நாளைப் பேரனுக்குச் சொல்வேன். அந்த வளைகாப்புப் பேச்சையும் விடமாட்டேன். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு சரோஜா வந்து உட்கார்ந்தால், அவள் இலையில் இரண்டு வடை அதிகம் விழும். வைப்பது நான் இல்லை, மல்லிகா.